முற்றத்தில் பெய்த மழை

“சீனாவுல என்னென்ன பார்த்தீங்க?” என்று ஊர் திரும்பியதும் எல்லாரும் கேட்டார்கள். “மழையைப் பார்த்தோம்” என்றேன். சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

என் கணவர் பினாங்குச் சீனர். அவருடைய தாத்தா, ஃபூஜியான் மாநிலத்தில் சுவான்சோவை அடுத்த நான்ஆனிலிருந்து 17 வயதில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர். திரும்பிப் போகவே இல்லை. அவருடைய கடைசித் தங்கை மட்டும் அந்தப் பழைய வீட்டில் இன்னும் இருக்கிறார். வயது 93. மலேசியர்களுக்கு இப்போது விசா தேவையில்லை. இந்தப் பள்ளி விடுமுறையை விட்டால் அவரை எப்போது பார்ப்பது என்று பிள்ளைகளோடு கிளம்பிவிட்டோம்.

சுவான்சோவில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. 1281-ஆம் ஆண்டில் தமிழ் வணிகர்கள் அங்கே சிவனுக்குக் கோயில் எழுப்பியதற்குத் தமிழ்க் கல்வெட்டே சாட்சி. கையுவான் புத்தர் கோயிலின் பின்புறத் தூண்களில் இன்றும் கண்ணனும் நரசிம்மரும் இருக்கிறார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. விடிந்ததும் வானம் பொத்துக்கொண்டது. மே, ஜூன் மாதங்களில் அந்தப் பக்கம் அப்படித்தானாம்.

அது சிவப்புச் செங்கல் வீடு. கூரையின் இரு முனைகளும் குருவி வால்போல மேலே வளைந்திருக்கும். நடுவில் திறந்த முற்றம். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாகத் தெரியாது. கூரையிலிருந்து வழிந்த மழைநீர் முற்றத்துக் கல்லில் விழுந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் முதலில் வைஃபை தேடினார்கள். பிறகு காகிதக் கப்பல் விட ஆரம்பித்தார்கள்.

‘கோ போ’ என்றுதான் என் கணவர் அவரை அழைக்கிறார். தாத்தாவின் தங்கைக்கு ஹொக்கியெனில் அதுதான் முறை. எனக்கு மாண்டரின் வராது. ஆனால் ஆயர் ஈத்தாம் சந்தையில் கேட்டு வளர்ந்த ஹொக்கியென் இருக்கிறது. “சாப்பிட்டாயா?” என்று அவர் கேட்டதற்கு நான் பதில் சொன்னதும், பொட்டு வைத்த என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

எழுந்து நிற்க அவர் ‘தொங்காட்’ கேட்டார். கைத்தடியை எடுத்துக் கொடுத்தேன். கை கழுவ ‘சப்புன்’ இருக்கும் இடத்தைக் காட்டினார். நம்மூர் மலாய்ச் சொற்களான தொங்காட்டும் சாபூனும் அந்த வீட்டில்! நன்யாங் போய்த் திரும்பியவர்கள் கொண்டுபோன சொற்களாம். பதிலுக்கு அவர்களுடைய ‘தே’ நம் வீடுகளில் இருக்கிறது. பக்கத்து வட்டாரமான அன்சியில் விளையும் தியெகுவான்யின் தேயிலையைச் சின்னஞ்சிறு கோப்பைகளில் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

மதியம் பொப்பியா. மெல்லிய ரொட்டி, வதக்கிய காய்கறி, பொடித்த வேர்க்கடலை எல்லாம் மேசை நடுவில். அவரவருக்கு அவரவரே சுருட்டிக்கொள்ள வேண்டும். நான் சுருட்டியது பிரிந்து கொட்டியது. கோ போ ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி, மறுபடி சுருட்டி என் தட்டில் வைத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே அண்ணன் அனுப்பிய கடிதங்கள். நன்யாங்கிலிருந்து பணமும் கடிதமும் ஒரே உறையில் வரும். உறையின் மேலேயே தொகை எழுதியிருக்கும். ‘சியாவ்பி’ என்ற இந்தக் கடிதங்களை யுனெஸ்கோ 2013-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கோ போவிடம் இருந்த கடைசி உறை 1971-இல் வந்தது.

“அதற்குப் பதில் எழுதியபோது தையல் இயந்திரம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். பிறகு கடிதமே வரவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன்” என்றார். அண்ணன் இறந்த செய்தி அவருக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்ததாம். ஆனால் இந்தக் கேள்வி அப்படியே இருந்திருக்கிறது.

என் கணவர் பினாங்கிலிருந்த மாமனாரைக் கைப்பேசியில் அழைத்தார். அப்போது அவருக்கு 15 வயதாம். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “அந்த வருஷம் பூராவும் அப்பா ஆஸ்பத்திரியில இருந்தார். அந்தக் கடிதத்தைப் படிச்சாரான்னு தெரியல. ஆனா கோபப்பட்டிருக்க மாட்டார். கோபப்பட அவருக்குத் தெம்பே இல்ல.”

“அப்படியா” என்றார் கோ போ. உறையைப் பழைய மடிப்பிலேயே மடித்து டின்னில் வைத்தார். மழையும் விட்டபாடில்லை. வெகுநேரம் யாரும் பேசவில்லை.

என் தாத்தாவும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கெடா ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்தான். ஊரில் இருந்த தங்கைக்கு மணியார்டர் அனுப்பியவர்தான். அவர் போனபிறகு அந்தத் தங்கைக்கு யார் எழுதினார்கள்? தெரியாது. ஊர்ப் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அன்றிரவே சுங்கை பட்டாணியில் இருக்கும் அத்தைக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன்.

“என்னம்மா திடீர்னு?” என்று பதில் வந்தது. சிறிது நேரத்தில் இன்னொன்று: “தாத்தாவோட பழைய பாஸ்போர்ட் டிரங்குப் பெட்டியில இருக்கும். நாளைக்குத் தேடிப் பார்க்கிறேன்.”

கையுவான் கோயில் கண்ணனைப் பார்க்காமலேயே திரும்பிவிட்டோம். அத்தை இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை நானே போகிறேன்.