குடும்பத்தின் கொத்துச் சாவி

ஆரணிக்கு அருகிலுள்ள தேவிகாபுரம் பட்டுத் தறிகளுக்குப் பேர் போன ஊர். முற்காலத்தில் அங்கே நெசவாளர் வீட்டுச் செல்வமெல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் அடங்கியிருந்தது. சாவி இருக்குமிடம் பெரியவருக்குத் தெரியும். அவர் வெளியூர் போனால் வீட்டு அம்மாளுக்கும் தெரியும். இன்றோ பெட்டியின் ஸ்தானத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. கூலி வங்கிக் கணக்கில் விழுகிறது. சேலையின் படம் வாட்ஸப்பில் போகிறது. ஆதார் முதல் காஸ் சிலிண்டர் வரை சகலத்துக்கும் ஒரே எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வருகிறது. ஆனால் சாவி எங்கே என்று கேட்டால், ஒருவருடைய மனத்திலே என்பதுதான் பதில்!

திருடன் திறக்காதபடி பூட்டுவது பாதிக் காரியம். வேண்டியபோது வீட்டார் திறக்க முடிவது மற்றப் பாதி. இந்த இரண்டாவது பாதியை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

ரீசார்ஜ் செய்யாமல் கைவிட்ட எண் என்னவாகிறது? துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்குப் புதியவர் எவருக்கும் கொடுப்பதில்லையென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023-ல் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. அதற்குப் பிறகு கொடுக்கலாம் என்பதே இதன் பொருள். பழைய சந்தாதாரர் தம் அந்தரங்கத்தைத் தாமே காத்துக்கொள்ள வேண்டுமென்று கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆகவே, நமது கணக்குக்கு வர வேண்டிய ஓ.டி.பி. யாரோ ஒரு முன்பின் அறியாதவருக்குப் போய்ச் சேரக்கூடும்.

இவ்விஷயத்தில் நெசவாளரிடமே நாம் பாடம் கேட்கலாம். தறியில் பழைய பாவு முடியும் தறுவாயில் அவர் அதை அறுத்தெறிந்து விடுவதில்லை. அதன் இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார். எண்ணை மாற்றுகிறவர்களும் அவ்வாறே, பழைய எண் உயிரோடிருக்கும்போதே வங்கி, ஆதார், மின்னஞ்சல், வாட்ஸப் ஒவ்வொன்றிலும் புது எண்ணைப் பதிவு செய்து விடுவது உத்தமம்.

அடுத்தது மின்னஞ்சல். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல் மறந்தால், மாற்றும் வழி பெரும்பாலும் அங்கேதான் வந்து சேர்கிறது. ஆகையால் அதற்கு வேறெங்கும் உபயோகிக்காத நீண்ட கடவுச்சொல்லும், இரட்டைச் சரிபார்ப்பும் அவசியம். கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை வைத்தவர்கள், எட்டு இலக்கமுள்ள பத்து மாற்றுக் குறியீடுகளையும் பெறலாம். கைப்பேசி தொலைந்த நாளில் ஒவ்வொன்றும் ஒரு முறை கதவைத் திறக்கும். அவற்றைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைக்க வேண்டும்; கைப்பேசியிலேயே வைத்தால் பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

"எல்லாவற்றையும் எழுதி வைத்தால் ஆபத்தில்லையா, ஸார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. யு.பி.ஐ. ரகசிய எண்ணையும் ஓ.டி.பி.யையும் எழுதவும் வேண்டாம், எவரிடமும் சொல்லவும் வேண்டாம். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, கேட்கிறவன் மோசக்காரன். ஏமாந்து விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல், அந்தக் க்ஷணமே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் அறிவிப்பது முக்கியம்.

எழுத வேண்டியவை வேறு: எந்த வங்கி, எந்தக் கிளை, எந்தக் காப்பீடு, எந்த மின்னஞ்சல், நியமனதாரர் யார். குடும்பத் தலைவர் திடீரென்று காலமானால், துக்கத்தில் இருக்கும் மனைவிக்கு அவருடைய ரகசிய எண்ணால் நியாயமான பிரயோஜனம் இல்லை. நியமனதாரர் என்ற உரிமையால்தான் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கொன்றுக்கு நால்வர் வரை நியமிக்கலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, கணவனும் மனைவியும் வயது வந்த பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து இந்த ஜாபிதாவை எழுதி விடுங்கள். செலவு ஒரு தாள் காகிதம். அது இல்லாத வீடு பிற்பாடு படும் அலைச்சலுக்கோ கணக்கே இல்லை.