நாற்றுக்கு ஒரு கூரை

மார்கழி, தை மாதங்களில் உதகமண்டலத்தில் தங்குகிறவர்கள் அதிகாலையில் கதவைத் திறந்தால், எதிரிலுள்ள புல்வெளி முழுவதும் சுண்ணாம்பைத் தூவியது போல் உறைபனி படிந்திருக்கக் காணலாம். நமக்கு அது கண்கொள்ளாக் காட்சி. ஆனியில் அங்கே நட்ட சோலை மரத்து நாற்றுக்கோ அதுவே யமன்.

குளிர் எங்கிருந்து வருகிறது? பகலில் வாங்கிய உஷ்ணத்தைப் பூமி இரவில் வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது கம்பளி போல் ஓரளவு தடுத்து வைக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தடுப்பார் இல்லை. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டைவிடப் பள்ளத்திலேதான் உறைபனி அதிகம். இலைக்குள் நீர் உறைகிறது. காலை வெய்யில் சுளீரென்று பட்டதும் இலை கருகிப் போகிறது.

புல்லுக்கு இந்தப் பயம் இல்லை. அதன் குருத்து மண்ணோடு ஒட்டி ஒளிந்திருக்கிறது. சோலைக்குள் விழுந்த விதைக்கும் பயமில்லை; தாய் மரங்களின் கிளைகளே அதற்குக் கூரை. வெட்டவெளியில் முளைத்த நாற்றுக்குத்தான் ஆபத்து. செந்நிறப் பூக்கள் பூக்கும் ரோடோடெண்ட்ரானைப் போன்ற சில மரங்களே புல்வெளியில் துணிந்து நிற்கின்றன.

ஆகையால், தாய் இல்லாத நாற்றுக்கு நாம்தான் கூரை போட வேண்டும். தென்மேற்குப் பருவ மழையின் தொடக்கத்திலேயே நட்டுவிட்டால், பனிக்கு முன் வேர் பிடித்துவிடும். பள்ளத்தை விட்டுச் சரிவில் நடுவது நலம். ஐப்பசிக்கு மேல் உரம் போடலாகாது. இளந்தளிர்தான் முதலில் பனிக்கு இரையாகும். கார்த்திகையில் பெரணித் தழைகளை நாற்றைச் சுற்றி ஊன்றி, உச்சியில் குவித்துவிடலாம். கிழக்குப் பக்கம் சற்று அடர்த்தியாக இருந்தால் காலை வெய்யிலும் தடைபடும். வேரடி மண் ஈரமாக இருக்கட்டும். ஈர மண் பகலின் உஷ்ணத்தை அதிகமாகச் சேர்த்து வைத்து இரவில் கொடுக்கும். இலை கருகிவிட்டதென்று உடனே பிடுங்கி எறிய வேண்டாம். மாசி கழிந்தபின் தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை மரங்கள், நம் புல்வெளிகளை ஏராளமாக விழுங்கிவிட்டன. ஆயினும் பல இடங்களில் அவற்றின் நிழலிலேயே சோலை மரக் கன்றுகள் தலை தூக்குகின்றன! அந்நிய மரம் என்ற கோபத்தில் அவ்விடங்களை ஒரே நாளில் மொட்டையடித்தால், நம் கன்றுகளின் கூரையும் போய்விடும். அதற்காக, மரமில்லாத புல்வெளியில் எல்லாம் சோலை வளர்க்கப் புறப்படுவதும் தவறு. புல்வெளியும் இயற்கையின் சொத்தே. சோலை அழிந்த இடத்திலும் அதன் ஓரத்திலுமே நாற்றுக்கு வேலை.

சோலையும் புல்வெளியும் மழையை வாங்கி ஊற்றாகக் கசியவிடுகின்றன. அந்த நீர் பைக்காராவில் ஓடி, மோயாறாகி, பவானியில் கலந்து, காவேரியைச் சேர்கிறது. மரம் நடும் தினத்தன்று மேளதாளத்துடன் கூட்டம் கூடுகிறது. மார்கழி இரவில் அந்த நாற்றை நினைப்பவர் எத்தனை பேர்? அப்போது சார்த்தி வைக்கும் ஒரு கைப்பிடிப் பெரணித் தழையே உண்மையான மரம் நடு விழா.