ஆகஸ்ட் 27 எதற்காக?

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. சந்திரயான்-3-ன் விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கியதும் நாடே கொண்டாடியது. இஸ்ரோ கையில் வைத்திருந்த இன்னொரு தேதியை அந்த ஆரவாரத்தில் யாரும் நினைக்கவில்லை. இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிலைமையைப் பார்ப்போம், சாதகமாக இல்லையென்றால் 27-ம் தேதிக்குத் தள்ளிவைப்போம் என்று அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநர் நிலேஷ் தேசாய் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

எல்லா ஏற்பாடுகளும் செய்த பிறகும் தீராமல் நிற்பதைத் திட்ட மேலாண்மையில் 'எஞ்சிய ரிஸ்க்' என்பார்கள். ஆகஸ்ட் 27 அதற்காக வைத்த தேதி.

அடைத்த ஓட்டைகள்

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2-ன் லேண்டர் நிலவில் மோதி நொறுங்கியது. ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை தந்தன. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. திருத்துவதற்கு வேகமாகத் திரும்ப மென்பொருள் வரம்பு இடம் கொடுக்கவில்லை. இறங்கவேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். இஸ்ரோ தலைவராக இருந்த சோம்நாத் பின்னர் தந்த விளக்கம் இது.

விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3-ல் அந்த இடம் 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆனது. எஞ்சின்கள் நான்காயின. வேகத்தை அளக்க லேசர் கருவி வந்தது. எரிபொருளும் கூடியது. ஆனால், மருந்துக்குப் பக்கவிளைவுபோல ஒவ்வொரு தீர்வும் ஒரு புதுச் சிக்கலைக் கூட்டிவரும். 1,471 கிலோவாக இருந்த லேண்டர் சுமார் 1,750 கிலோ ஆனது. கால்களையும் வலுப்படுத்தினார்கள், வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்கினாலும் தாங்கும்.

மிச்சம் என்ன?

சென்சார்கள் எல்லாம் செயலிழந்தாலும், இரண்டு எஞ்சின்கள் நின்றுபோனாலும் விக்ரம் இறங்கிவிடும் என்றார் சோம்நாத். ஒரே நிபந்தனை: உந்துவிசை அமைப்பு ஒழுங்காக வேலை செய்யவேண்டும். எஞ்சியது என்ன என்பதை இறங்குவதற்கு முன்பே ஊரறியச் சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு மிச்சத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். நிலவின் இரவில் குளிர் மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே போகும். அதைத் தாங்கும்படி கருவிகளை வடிவமைக்கவில்லை. ஆயுள் ஒரு நிலவுப் பகல், அதாவது நம் கணக்கில் 14 நாள். இரவு முடிந்து செப்டம்பர் 22-ல் லேண்டரை எழுப்பிப் பார்த்தபோது பதில் வரவில்லை. முன்பே சொல்லியிருந்ததால் அதை யாரும் தோல்வியாக எண்ணவில்லை.

நம் பதிவேட்டில்

பல அலுவலகங்களில் ரிஸ்க் பதிவேட்டின் 'தீர்வு' கட்டத்தை நிரப்பியதும் 'முடிந்தது' என்று எழுதிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் அஸ்திவாரக் குழிக்கு பம்ப் வாடகைக்கு எடுத்தாயிற்று, சரி. கரன்ட் போனால்? ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தால்? தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறினால் ஆட்களை மேலே கூப்பிடுவது? ராத்திரி அதை யார் பார்ப்பது? வேலை நின்றால் அதற்கான நாளும் பணமும் எங்கே ஒதுக்கியிருக்கிறது?

பம்ப் வாடகை ரசீது இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகாது. ஒவ்வொரு தீர்வுக்கும் பக்கத்தில் எஞ்சியது என்ன, பொறுப்பு யாருக்கு, எந்த அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது என்று எழுதச் சொல்லுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.