அப்பத்தாவின் பல்லும் மடைக்கல்லும்

எங்க அப்பத்தாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒண்ணு போய் ரெண்டு வருசமாச்சு. போன கோடை லீவில் 'இம்ப்ளாண்ட்' வைத்தார்கள். அதாவது தாடை எலும்புக்குள் டைட்டானியத்தில் ஒரு குட்டித் திருகாணி. எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்று கண்டறிந்து, 1965-ல் முதன்முதலாக ஒருவருக்கு இப்படிப் பல் கட்டியவர் சுவீடன் டாக்டர் பிரோனமார்க்.

எலும்பு ஒட்ட மூன்று மாதம் காத்திருந்தோம். அப்புறம் மேலே வைக்கும் கேப்புக்கு அளவு எடுக்கணும். முன்பெல்லாம் தட்டு நிறைய பசையை வாயில் அமுக்கி அச்செடுப்பார்கள், குமட்டும். இப்போ பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் நகர்த்தினால் போதும், பல்வரிசை முழுசும் கம்ப்யூட்டரில் வந்துவிடும்.

ஆனால் திருகாணி ஈறுக்குக் கீழே அல்லவா இருக்கு! எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாய்வு என்று கேமராவுக்கு எப்படித் தெரியும்?

நம்ம கண்மாய் நிறைஞ்சிருக்கும்போது மடை கண்ணுக்குத் தெரியாது. தண்ணிக்கு மேலே நிற்கிற கல்தூணைப் பார்த்துத்தான் 'அதுக்குக் கீழே மடை' என்போம். அந்தக் கல்தூண் மாதிரிதான் 'ஸ்கேன் பாடி'. பீக் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ டைட்டானியத்திலோ செய்த சின்னத் தூண். அளவு எடுக்கும்போது மட்டும் திருகாணிமேல் முடுக்குவார்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். முழு உருண்டை என்றால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு என்று தெரியாதே! அதன் நீளம், உருவம் எல்லாம் கம்ப்யூட்டரில் முன்பே இருக்கும். தெரிகிற தூணை வைத்துத் தெரியாத திருகாணியின் இடத்தை அது கணக்குப் போடும்.

எங்களுக்கு முதல் தடவை கணக்கு தப்பிப்போச்சு. வந்த கேப் குட்டையாக இருந்தது, மேல் பல்லைத் தொடவே இல்லை. தூணுக்கும் திருகாணிக்கும் நடுவே ஈறுச் சதை மாட்டி, தூண் கொஞ்சம் தூக்கி நின்றிருக்கிறது. திருகாணியே மேலே இருக்கு என்று நம்பி, கம்ப்யூட்டர் கேப்பின் உயரத்தைக் குறைத்துவிட்டது. திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்ததாம்! நான் விளக்கினதும் அப்பத்தா கேட்டுச்சு: "அப்ப மடைக்கல்லையே தூக்கி நட்டுட்டாங்கன்னு சொல்லு."

முழுத்தாடைக்கும் பல் கட்டுவது இன்னும் கஷ்டமாம். துண்டு துண்டான படங்களை ஒட்டும்போது சின்னச் சின்னப் பிசகுகள் சேர்ந்துகொண்டே போகும்.

இரண்டாம் தடவை எக்ஸ்ரே எடுத்து, தூண் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகே ஸ்கேன் செய்தார்கள். பத்து நாளில் புதுக் கேப் வந்தது. இப்போ அப்பத்தா ரெண்டு பக்கமும் பொரிகடலை மெல்லுது.

– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு