அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும் 1493

1493-ல போப் ஆறாம் அலெக்சாண்டர் போட்ட ஆணை, கொலம்பஸ் கண்ட நிலத்தோடு இனி காணப்போவதையும் ஸ்பெயினுக்கே எழுதிக்கொடுத்தது. அங்கே குடியிருந்தவங்களை யாரும் கேட்கல. பழங்கதைதானேன்னு நானும் நினைச்சேன். ஆனால் 1823-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 'கண்டுபிடித்த' ஐரோப்பிய அரசுக்கே நில உரிமை, பூர்வகுடிகளுக்கு அனுபவ பாத்தியதை மட்டும்தான் என்றது (ஜான்சன் எதிர் மெக்கின்டாஷ்). 2005-ல் ஒனைடா மக்கள் தோற்ற ஷெரில் வழக்கில், தீர்ப்பின் முதல் அடிக்குறிப்பே இந்தக் கோட்பாடுதான். எங்க தொழிலில் இதை லெகசி கோட் என்போம். எழுதினவர் போனபிறகும் ஓடிக்கிட்டே இருக்கும்.

2007-ல் ஐ.நா. பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு 144 நாடுகள் ஆதரவு. எதிர்த்த நாலும் யார் தெரியுமா? அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. பின்னாடி நாலுமே மனசு மாறின.

திருச்சபைகள் நுழைவது இங்கேதான். வேர் அவங்க வீட்டு ஆவணம் ஆச்சே! 2009-ல் அமெரிக்க எபிஸ்கோபல் சபை கோட்பாட்டை நிராகரித்தது. 2012-ல் உலகத் திருச்சபைகள் மன்றமும் கண்டித்தது. அதே ஆண்டு ஐ.நா. பூர்வகுடிகள் நிரந்தர மன்றத்தின் சிறப்புப் பொருளும் இதுவே. வத்திக்கான் 2023 மார்ச் 30 அன்றுதான் கோட்பாட்டை நிராகரித்து அறிக்கை விட்டது: இது கத்தோலிக்க போதனையே அல்ல, காலனி அரசுகள் ஆணைகளைத் தங்கள் அரசியலுக்கு வளைத்துக்கொண்டன என்று. எனக்கு இது பாதிப் பதில்தான். ஆணைகளை முறைப்படி ரத்து செய்யுங்கள் என்று பூர்வகுடித் தலைவர்கள் கேட்டதற்கு அந்த அறிக்கையில் பதில் இல்லை. ஷெரில் தீர்ப்பும் அப்படியே நிற்கிறது, அடிக்குறிப்போடு.