அலைன்மென்ட் கடைசி வேலை

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை. ஆம்னி பஸ், லாரி, படப்பிடிப்புக்குப் போகும் கேரவன் எல்லாம் இதில் ஓடுகின்றன. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது தெரியாத ஸ்டீரிங் கோளாறு, இதுபோன்ற நேர்ச்சாலையில் வேகமெடுத்ததும் வெளிப்பட்டுவிடும். பக்கத்தில் ஒரு பஸ் முந்தினால், அதன் காற்று கேரவனை முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஓட்டுநர் ஓயாமல் ஸ்டீரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

பலரும் உடனே அலைன்மென்ட் பார்க்கப் போகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டியது. சோதனையைத் தரையிலிருந்து மேல்நோக்கித் தொடங்க வேண்டும்.

முதலில் டயர். இடது, வலது காற்றழுத்தம் வேறுபட்டாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அடுத்தது எடை. கேரவனில் தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் போன்றவை பின் அச்சுக்கும் அப்பால் அமைந்தால், சீசா பலகையைப் போலப் பின்புறம் தாழ்ந்து முன் அச்சின் பாரம் குறையும். முன் டயரின் பிடி தளர்ந்து வண்டி அலையும். எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்தினால் இது தெரிந்துவிடும். பாரத்தை முன்னால் நகர்த்துவதே தீர்வு.

மூன்றாவது, மூட்டுகள். வளைவில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். 1817இல் மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் லாங்கன்ஸ்பெர்கர் இதற்கான அமைப்பைக் கண்டார். மறு ஆண்டு அவருடைய முகவர் ஆக்கர்மன் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றதால் அவர் பெயரே நிலைத்தது. இன்றும் அந்தக் கணக்கைக் காப்பாற்றுபவை இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடும் அதன் முனைகளும்தான். வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசைக்க, இன்னொருவர் கீழிருந்து கவனிக்க வேண்டும். டை ராடு முனை, டிராக் லிங்க், கிங்பின், ஸ்டீரிங் பாக்ஸ் ஆகியவற்றில் எங்கே ஆட்டம் இருக்கிறதோ, அங்கே தாமதமும் இருக்கிறது. கமான் பட்டையின் புஷ்ஷையும் யூ-போல்ட்டையும் விடக் கூடாது. அச்சே நகர்ந்தால் எந்தத் திருத்தமும் நிற்காது.

இவையெல்லாம் சரியான பிறகுதான் அலைன்மென்ட். டயரின் மேற்பரப்பைக் கையால் குறுக்கே தடவிப் பாருங்கள்: ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் சொரசொரப்பாகவும் இருந்தால் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, தவறு. கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் காஸ்டர் கோணம்தான் கையை விட்டதும் சக்கரத்தை நேராக்குகிறது. அதையும் அளக்கச் சொல்லுங்கள். ஆட்டம் கண்ட மூட்டை வைத்துக்கொண்டு செய்த அலைன்மென்ட், பணிமனை வாசல் தாண்டுவதற்குள் மாறிவிடும்.

பெரிய வண்டி நேராக ஓடினால்தான் ஓட்டுநரின் கவனம் முழுதும் சாலையில் இருக்கும். இந்த வரிசையில் சோதிக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். பக்கத்தில் பைக்கில் வருபவரின் உயிருக்கும் அதுதான் காப்பு.