யார் செய்த பாவம்? இரத்தப் புற்றுநோயைப் பற்றிச் சில வார்த்தைகள்



இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பத்தார் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்பது இதுதான்: "ஐயா, இது யார் செய்த பாவம்? பிள்ளைகளுக்கும் வருமா?" சில வீடுகளில் தங்கையின் கலியாணப் பேச்சே நின்றுவிடுகிறது. ஆகவே மருத்துவம் இதற்குச் சொல்லும் பதிலை நாம் அறிந்திருப்பது நல்லது.

எலும்பு மஜ்ஜையிலுள்ள தாய் செல்கள் பிரிந்து பெருகியே இரத்தம் உண்டாகிறது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் மரபுச் செய்தி முழுவதும் நகல் எடுக்கப்படுகிறது. அதில் என்றோ ஒரு பிழை விழலாம். அரியக்குடியில் குத்துவிளக்கு வார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாதிரி அச்சில் கீறல் விழுந்தால், அதைக் கொண்டு வார்க்கும் எல்லா விளக்கிலும் அந்தக் கீறல் இருக்கும். இந்தப் பிழை பெரும்பாலும் பிறந்தபின் மஜ்ஜையில் உண்டாவது. பெற்றோரிடமிருந்து வருவதல்ல, பிள்ளைகளுக்குப் போவதுமல்ல. மிகச் சில குடும்பங்களே இதற்கு விலக்கு.

பிழை இன்னதென்று தெரிந்தால் மருந்தும் கிடைக்கலாம். நாள்பட்ட மைலாய்டு புற்றுநோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதை 1960-இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் கண்டனர். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியதே காரணம் என்று 1973-இல் ஜேனட் ரௌலி அம்மையார் காட்டினார். ஒட்டிய இடத்தில் உருவாகும் புதிய ஜீன், "பெருகு, பெருகு" என்று செல்லை ஓயாமல் ஏவுகிறது. அந்த ஏவலை அடக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் நாட்டில் அதற்குக் கேட்ட காப்புரிமையைச் சென்னை அலுவலகம் 2006-இல் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் 2013 ஏப்ரல் 1 அன்று மறுத்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாயான மருந்து, இந்தியத் தயாரிப்பில் 10,000 ரூபாய்க்குள் கிடைக்க வழி நிலைத்தது.

இன்னொரு வகையில் 15-உம் 17-உம் துண்டு மாறுகின்றன. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1998 முதல் 2004 வரை இவ்வகை நோயாளிகள் 72 பேருக்கு, நாம் வெள்ளைப் பாஷாணம் என்று அஞ்சும் ஆர்சனிக்கைச் சுத்திகரித்த ஊசிமருந்தாகக் கொடுத்தனர். நூற்றுக்கு 86 பேர் வீதம் நோய் அடங்கியது. மருத்துவமனைக்கு வெளியே அது விஷமே.

எல்லாப் பிழைக்கும் இப்படி மருந்து இல்லை. ஆகவேதான் முதலில் ஜீன் பரிசோதனை அவசியம்.

உங்கள் தெருவில் இவ்வியாதி வந்தால் இரண்டைச் சொல்லுங்கள்: குடும்பத்தின்மேல் பழி இல்லை, உடம்பு தேறிற்று என்று மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.